மணிக்கு எவ்வளவு கேட்கலாம்? தனியாக வேலை தொடங்கும் எலக்ட்ரீசியனுக்கு ஒரு கூலிக் கணக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டுக்குள் தமிழும் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் எங்கள் ஊர்களில், ஐடிஐ முடித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் நாலைந்து வருடம் வேலை பழகிய இளைஞர்கள் தனியாகத் தொழில் தொடங்கும்போது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, மணிக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்பதுதான். கேட்ட வாயால் அவர்களே ஒரு பதிலையும் சொல்லிவிடுவார்கள். கான்ட்ராக்டர் நாளுக்கு 900 ரூபாய் கொடுத்தார், நாளுக்கு எட்டு மணிநேரம் வேலை, ஆகவே மணிக்கு 112 ரூபாய் 50 பைசா. பேருக்குக் கொஞ்சம் கூட்டி 125 என்று வைத்துக்கொண்டால் நியாயம்தானே என்பார்கள். இன்னும் சிலர், ஊரில் மற்றவர்கள் வாங்குவதை விசாரித்து அதில் இருபது ரூபாய் குறைத்துச் சொல்வார்கள்.

இரண்டுமே தவறு. முதல் கணக்கு தவறாக இருப்பதற்குக் காரணம், கூலிக்காரராக இருந்த காலத்தில் கான்ட்ராக்டரின் தலையில் இருந்த செலவுகள் இப்போது இவர் தலைக்கு வந்துவிட்டதை அது பார்ப்பதில்லை என்பது. இரண்டாவது கணக்கில் கணக்கே இல்லை. நானும் முதல் வருடம் முழுக்க 900-ஐ எட்டால் வகுத்துத்தான் வாங்கினேன். ஓயாமல் வேலை இருந்தது, நல்ல பெயரும் இருந்தது. வருடக் கடைசியில் வண்டிக்குப் பின் டயர் மாற்ற மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன்.

கறவை மாட்டின் கணக்கு

சித்தூர் வட்டத்தில் மாடு இல்லாத தெரு குறைவு என்பதால் மாட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு பசு கன்று ஈன்ற பிறகு ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாதம் வற்றிக் கிடக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது பத்து மாதம்தான் என்றாலும் மாட்டுக்குத் தீவனம் போடுவது பன்னிரண்டு மாதம். கறக்கும் மாதத்தின் தீவனச் செலவை மட்டும் கணக்கில் வைத்துப் பால் விலையைப் போடுகிறவர், வற்றுக் காலத்துத் தீவனத்தைக் கடன் வாங்கித்தான் போட வேண்டியிருக்கும். கறக்கும் ஒவ்வொரு லிட்டரும் வற்றுக் காலத்தின் தீவனத்தையும் கொஞ்சம் சுமக்க வேண்டும் என்பது மாடு வளர்க்கும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த கணக்கு.

தனியாக வேலை பார்க்கும் எலக்ட்ரீசியனுக்கும் கறக்கும் நேரம், வற்றும் நேரம் என்று இரண்டு உண்டு. வேறுபாடு என்னவென்றால், மாட்டுக்கு வருடத்தில் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல வரும் வற்றுக் காலம் இவருக்கு ஒவ்வொரு நாளும் துண்டு துண்டாக வருகிறது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

கூலி விழும் மணி

காலை எட்டரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் ஒன்பது மணிநேரம். அந்த ஒன்பதில், எந்த வாடிக்கையாளராவது பணம் கொடுக்கப் போகும் மணிநேரம் எத்தனை? அதைத்தான் கூலி விழும் மணி என்று இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போகிறேன்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும், தோட்டத்துக்கும், திரும்ப வீட்டுக்கும் வண்டியில் போவது ஒன்றரை மணிநேரம். கடையில் எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) வாங்கக் காத்திருப்பதும், வாங்கிய பெட்டியின் அளவு மாறிப்போய் மறுபடி ஓடுவதும் ஒரு மணிநேரம். புது வீட்டுக்கு எஸ்டிமேட் போடப் போய், காப்பி குடித்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்று கேட்டுத் திரும்புவதற்கும் தொலைபேசிக்கும் சேர்த்து ஒரு மணிநேரம். பழைய பாக்கியைக் கேட்டு நிற்பது அரை மணிநேரம். மிச்சம் ஐந்து. ஐந்தே மணிநேரம்தான் கூலி விழுகிறது.

இனி வருடத்துக்கு வருவோம். 365 நாளில் ஞாயிறு 52. ஓணம், தீபாவளி, பொங்கல், ஊர்த்திருவிழா, கல்யாணம், காரியம் எல்லாம் சேர்த்து 18 நாள். காய்ச்சலும் முதுகுவலியும் 10 நாள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையும், பிறகு துலாம் மாதத்து வடகிழக்குப் பருவ மழையும் வந்து போகும் என்பதால், ஈரச் சுவரில் வேலை செய்ய முடியாமலும் வேலையே வராமலும் போகும் நாள் 25 என்று வைத்துக்கொள்கிறேன். கழித்தால் 260 நாள் நிற்கிறது. 260 நாள், நாளுக்கு 5 மணி என்றால் வருடத்துக்கு 1,300 கூலி விழும் மணி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நீங்கள் உழைக்கும் நேரம் வேறு, விற்க முடிகிற நேரம் வேறு. வருடம் முழுவதற்கும் விற்க உங்களிடம் இருக்கும் சரக்கு 1,300 மணிநேரம்தான்.

தினம் தெரியாத செலவு

வேலை வந்தாலும் வராவிட்டாலும் தொழிலுக்காக ஆகிக்கொண்டே இருக்கும் செலவுக்கு நிலைச்செலவு என்று பெயர். சிலது தினமும் தெரியும், பெட்ரோல் மாதிரி. மற்றது வருடத்துக்கு ஒரு முறை வந்து அடிக்கும்.

இங்கே நான் எழுதும் தொகைகள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் நோட்டில் உங்கள் தொகையை எழுத வேண்டும். வருடத்துக்குப் பெட்ரோல் 26,000 ரூபாய். வண்டியின் சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் 10,000. தொலைபேசி 4,000. திருகாணி, கிட்டி, இன்சுலேஷன் டேப், டிரில் பிட், கையுறை போன்று பில்லில் எழுத மறந்துபோகும் சில்லறைச் சாமான்கள் 9,000. வயர்மேன் பெர்மிட் புதுப்பித்தல் வகையறா 2,000. மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் 16,000. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஏணியில் ஏறும் தொழிலில் இருக்கும் ஒருவர் இதைக்கூடப் போடாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது கருவிகள். ஹேமர் டிரில், சுவர் வெட்டும் மெஷின், கிளாம்ப் மீட்டர், மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), நல்ல ஏணி எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய நாளோடு அந்தச் செலவு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை. மூன்று வருடம் போனால் அதே கருவிகளை மறுபடி வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வருடமும் கருவி இழக்கும் மதிப்புக்குத் தேய்மானம் என்று பெயர். 45,000-ஐ மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 15,000.

கடைசியாக வராத பணம். எப்படிப்பட்ட நல்லவருக்கும் சில பாக்கி வராமலே போகும்; நாமே செய்த பிழையைத் திருத்தக் கூலியில்லாமல் திரும்பிப் போவதும் உண்டு. அதற்கு 14,000.

கூட்டினால் 96,000 ரூபாய். மாதத்துக்கு 8,000. கான்ட்ராக்டரிடம் இருந்தபோது இதில் பெரும்பகுதி அவர் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 2,40,000. பேராசை இல்லை. பழைய 900 ரூபாய்க் கூலியில் 260 நாள் போயிருந்தால் 2,34,000 வந்திருக்கும், அதாவது ஏறக்குறைய அதே தொகைதான். முதுமைக்கு மாதம் 2,000 எடுத்துவைத்தால் வருடம் 24,000. நிலைச்செலவு 96,000. மொத்தம் 3,60,000 ரூபாய்.

3,60,000-ஐ 1,300-ஆல் வகுத்தால் 277 ரூபாய் வருகிறது. இதுதான் அடிவிலை: இதற்குக் கீழே வாங்கினால் வேலை செய்யச் செய்யக் கைக்காசு கரையும் என்ற எல்லைக்கோடு. பழைய கூலி அளவு கையில் நின்று, முதுமைக்கும் கொஞ்சம் சேர வேண்டுமானால்கூட 112 ரூபாய்க்கு அல்ல, 277 ரூபாய்க்கு மணியை விற்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்டதும் நம்பாத முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்கள் கையாலேயே வகுத்துப் பார்க்கச் சொல்வேன்.

அடிவிலைக்கு மேல் வாங்குவதுதான் லாபம். பேச்சுவழக்கில் கூலியையே லாபம் என்று சொல்லிவிடுகிறோம்; அது சரியல்ல. உங்கள் கூலியும் செலவும் போன பிறகு தொழிலிடம் நிற்பதுதான் லாபம். எர்த் டெஸ்டர் வாங்குவதும், வேலையில்லாத ஒரு மாதத்தைத் தாண்டுவதும் அதிலிருந்துதான். நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 305 ரூபாய் வரும். வாயால் சொல்வதற்கு 300 எளிது.

மறுபடி சுருக்கமாக: வீட்டுக்கு வேண்டியது, சேமிப்பு, நிலைச்செலவு மூன்றையும் கூட்டி, கூலி விழும் மணியால் வகுத்தால் அடிவிலை. அதன் மேல் சிறிது சேர்த்தால் கேட்கும் விலை.

பத்து நிமிட வேலைக்கு ஒரு மணிக் கூலியா?

வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. காலை ஏழு மணிக்குத் தோட்டக்காரர் கூப்பிட்டு, "தம்பி, மோட்டார் உறுமுது, ஓட மாட்டேங்குது" என்கிறார். 11 கிலோமீட்டர் போகிறீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மெயினில் மூன்று பேஸையும் பார்க்கிறீர்கள். இரண்டில்தான் மின்சாரம் இருக்கிறது. சப்ளையை நிறுத்திவிட்டு மூன்றாவது பியூஸ் கேரியரை இழுத்தால் செப்புக் கவ்வி கருகிக் கறுத்திருக்கிறது. சுரண்டி, இறுக்கி, சரியான கனத்தில் பியூஸ் கம்பி போட்டு மாட்டுகிறீர்கள். மோட்டார் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் விழுகிறது. பத்து நிமிடம். 300 ரூபாய் என்றதும், "பத்து நிமிஷத்துக்கு முந்நூறா?" என்கிறார்.

அவர் கேட்பது இயல்பு. அவர் பார்த்தது பத்து நிமிடத்தை மட்டும். போக வர ஆன நேரத்தை அவர் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி அரைநாள் தேடாமல் நேராக மெயினுக்குப் போனதற்குப் பின்னால் இருக்கும் பழக்கத்தையும் பார்க்கவில்லை. உறுமிக்கொண்டே கிடந்திருந்தால் மோட்டார் காயில் எரிந்து, குழாயோடு தூக்கி ரீவைண்டிங் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகியிருக்கும். ஆகவே எவ்வளவு சின்ன வேலையானாலும் ஒரு மணிக் கூலி என்பதைக் குறைந்தபட்சக் கட்டணமாக வைத்துக்கொண்டு, அதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வழியில் போகும் நேரமும் பெட்ரோலும் ஏற்கெனவே 277-க்குள் இருக்கின்றன. அதன் மேல் "வண்டிக் காசு" என்று இன்னொரு முறை வாங்கினால் அது இரட்டைக் கணக்கு. வழக்கமாகப் போகும் எல்லையைத் தாண்டிய தூரத்துக்கு மட்டும் தனியாகக் கேட்கலாம்.

கேரளப் பக்கத்தில் இந்தக் குறைந்தபட்சக் கட்டணத்தை நோக்குகூலி என்று கேலி செய்பவர்களும் உண்டு. நோக்குகூலி என்பது, தாங்கள் செய்யாமல் பிறர் இறக்கிய சுமையைப் பார்த்து நின்றதற்காகச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய பணம். மாநில அரசு 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அறிவித்தது. கோளாறு எங்கே என்று பார்த்துச் சொல்வது அந்த வகையில் சேராது. டாக்டர் நாடி பார்த்ததற்குக் கொடுப்பது எதுவோ அதுதான் இது.

நாள்கூலியும் பாயிண்ட் கணக்கும்

"புது வீட்டு வயரிங்குக்கு எட்டு மணிநேரம், மணிக்கு 300 என்றால் நாளுக்கு 2,400 யார் கொடுப்பார்கள்?" என்று கேட்பீர்கள். யாரும் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் நடக்கும் வேலையில் அலைச்சல் ஒரு முறைதான், சாமானை வீட்டுக்காரரே இறக்கிவிடுவார், எஸ்டிமேட் ஒரு முறையோடு முடிந்துபோகும். அங்கே நாளுக்கு ஏழு மணிநேரம் கூலி விழும். உங்களுக்கு ஒரு நாளில் வர வேண்டியது 3,60,000-ஐ 260-ஆல் வகுத்த 1,385 ரூபாய். அதை ஏழால் வகுத்தால் மணிக்கு 198. ஆக, துண்டு வேலைக்கு 277-உம் முழுநாள் வேலைக்கு 198-உம் ஒரே மனிதரின் ஒரே அடிவிலைதான். முழுநாள் வேலைக்கு 1,400 கேட்பவர் துண்டு வேலைக்கு மணிக்கு 300 கேட்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

பாயிண்ட் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு விளக்கு, மின்விசிறி அல்லது பிளக் இருக்கும் இடத்துக்குச் சுவர் வெட்டி, குழாய் பதித்து, வயர் இழுத்து முடிப்பது ஒரு பாயிண்ட். பத்துப் பாயிண்ட்டுக்கு உங்களுக்கு 14 மணிநேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொண்டால், 14-ஐ முழுநாள் வேலையின் மணி விலையான 200-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்து, பாயிண்ட்டுக்கு 280 என்று சொல்லலாம். உதவியாள் கூலி தனி. நேரம் தெரியாமல் பாயிண்ட் விலை பேசுவது, எடை போடாமல் தேங்காய் விற்பது போலத்தான்.

மணி விலை குறைந்தால் முதலில் காணாமல் போவது எது தெரியுமா? சோதனை. வயரிங் முடிந்ததும் மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்ப்பது, எர்த் கம்பி கடைசிப் பிளக் வரை உண்மையாகவே போகிறதா என்று பார்ப்பது, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்ப்பது எல்லாம் சேர்ந்து முக்கால் மணிநேரம் ஆகும். வீட்டுக்காரருக்கு அது வேலையாகவே தெரியாது. 112 ரூபாய்க்கு மணியை விற்றவர் அந்த முக்கால் மணிநேரத்தை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்.

கடைக் கமிஷன்

சாமான் கடையில் எலக்ட்ரீசியனுக்குக் கமிஷன் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கூலியைக் குறைத்துச் சொல்லி, கமிஷனில் ஈடுகட்டிக்கொள்வது இங்கே பழகிப்போன வழி. நான் இதை ஏற்பதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் பணத்திலிருந்து வாங்குகிறோம் என்பது முதல் காரணம். இன்னொன்று, கமிஷன் கூடுதலாகக் கிடைக்கும் வயர்தான் நல்ல வயர் என்று நம் வாயே சொல்லத் தொடங்கிவிடும். நீங்களே சாமான் வாங்கிக் கொடுப்பதானால் அலைச்சலுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பில்லில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022–23-இல் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். அகில இந்திய சராசரி 393. ஆகவே கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் விலையைக் குறைக்க வேண்டுமா என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய கேள்வி.

ஊரில் மற்றவர்கள் வாங்குவது சந்தை விலை. அது எல்லைக்கு எல்லை மாறும். அடிவிலை மாறாது, ஏனென்றால் உங்கள் வீட்டு அரிசியும் வண்டி டயரும் நீங்கள் எந்த மாநிலத்தில் வேலை செய்தீர்கள் என்று பார்த்து விலை குறைவதில்லை. சந்தை விலை அடிவிலைக்கு மேல் இருந்தால் போகலாம், கீழே இருந்தால் அந்த வேலை உங்களுக்கு இல்லை. ஆனால் அடிவிலையை நீங்களே இறக்க ஒரு வழி உண்டு. நாட்டுக்கல் பக்கத்து அழைப்புகளை ஒரே நாளில் சேர்த்துவைப்பது, அடிக்கடி தேவைப்படும் எம்சிபியையும் ஸ்விட்சையும் பையிலேயே வைத்திருப்பது போன்ற ஏற்பாடுகளால் கூலி விழும் மணி ஐந்திலிருந்து ஆறானால், வருடத்துக்கு 1,560 மணி ஆகி, அடிவிலை 231 ரூபாய்க்கு இறங்கும். ஒரு மணிநேர அலைச்சல் குறைந்தால் மணிக்கு 46 ரூபாய் குறைகிறது. சந்தையோடு போட்டி போடுவதானால் இந்த இடத்தில்தான் போட வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மின் உரிம வாரியங்கள் தனித்தனி. ஒரு பக்கத்துப் பெர்மிட்டை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் புது இணைப்புக்கான வயரிங் வேலையை எடுக்கும் முன்பு அங்கே அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேவைத் தொழிலுக்கு வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரவு வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எல்லை தாண்டிச் சேவை செய்தாலும் இதே வரம்புதான். நம் கணக்கு அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

சொந்தக்காரர் வீட்டு வேலை

இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுத் தலையாட்டும் பையன்கள் கடைசியில் தயங்கி, "அண்ணா, சித்தப்பா வீட்டுல எப்படிக் கேக்கறது?" என்பார்கள். கேட்க வேண்டாம், ஆனால் எழுத வேண்டும். சித்தப்பா வீட்டு மாடியறைக்கு மூன்று மணிநேரம் வேலை செய்திருந்தால் பில்லில் 900 என்று முழுத்தொகையை எழுதி, அதற்குக் கீழே "கழிவு 500" என்று போட்டு, 400 வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் வாங்காவிட்டால் 900-ஐயும் கழிவில் எழுதுங்கள். அந்த மூன்று மணிநேரம் எங்கே போனது என்று வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டும்போது தெரியும். உறவுக்காக வருடத்தில் நாற்பது மணிநேரம் கொடுப்பதென்று நீங்கள் முடிவுசெய்திருந்தால், 1,300-இல் அதை முன்கூட்டியே கழித்துவிட்டு 1,260-ஆல் வகுத்துக்கொள்ளலாம். அடிவிலை 286 ஆகும், அவ்வளவுதான். சித்தப்பாவும் பில்லைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் "நம்ம பையன் மணிக்கு 300" என்று சொல்வார்.